பேசினால் மூளை மாறுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

வகுப்பில் சண்டை வந்தால் ஒருவனை ஒருவன் "போடா, கீழ்ப்பாக்கம் கேஸு" என்று திட்டுவீர்கள். அதற்காக என்னிடம் பெஞ்சின் மேல் ஏறி நின்றவர்களும் உங்களில் உண்டு. விருத்தாசலத்தைத் தாண்டி ரயில் ஏறாத பையனுக்கும் கீழ்ப்பாக்கம் என்றால் என்னவென்று தெரியும். சென்னையில் ஒரு பகுதியின் பெயர், தமிழ்நாடு முழுக்க வசைச்சொல். அதற்குப் பின்னால் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

அந்தக் கதையை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு போன். பழைய மாணவி ஒருவர் பேசினார். பெயரும் ஊரும் வேண்டாம். பிளஸ் டூ படிக்கும் மகன் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கை கழுவுகிறானாம். தோல் உரிந்து ரத்தம் வந்தும் நிறுத்த முடியவில்லை. மருத்துவர் மாத்திரை எழுதியதோடு, வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் போய்ப் பேசவும் பயிற்சி எடுக்கவும் சொல்லியிருக்கிறார். அவர் கணவருக்கு மாத்திரையில் நம்பிக்கை உண்டு, பேச்சில் இல்லை. "மூளையில கோளாறுன்னா மருந்து கொடுக்கட்டும். மணிக்கணக்கா பேசினா மூளை மாறிடுமா?" என்கிறாராம். அவரும் என்னிடம் படித்தவர்தான். "சார், நீங்க சொன்னா கேட்பார்" என்றார் அந்தப் பெண். நான் மருத்துவன் இல்லை, மருத்துவர் சொன்ன இரண்டையும் விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஆனால் அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. பெரிய பெரிய அறிஞர்களும் நூறு வருஷமாகக் கேட்ட கேள்வி. அதற்கான பதில் தேடலில் நம் தமிழ்நாட்டுக்கும் நல்ல பங்கு இருக்கிறது.

1794ல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வாலண்டைன் கொனாலி என்ற மருத்துவர் மதராஸில் மனநோயாளிகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். 1871ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு, லோகாக் தோட்டம் என்ற இடத்துக்கு மாறியது. அன்றைக்கு அதை மருத்துவமனை என்று சொல்வதைவிடக் காப்பிடம் என்று சொல்வதுதான் சரி. மதில் இருந்தது, கதவு இருந்தது, பூட்டு இருந்தது. மருந்து என்று சொல்லத்தக்க எதுவும் உலகத்தில் எங்குமே இல்லை. 1931ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் மனக்கொந்தளிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1938ல் இத்தாலியில் மின்அதிர்ச்சி சிகிச்சை வந்தது. 1952ல் பிரான்சில் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கக் கதவுகள் மெல்லத் திறக்கத் தொடங்கின. கீழ்ப்பாக்கத்தில் அந்தக் கதவைப் பெரிதாகத் திறந்தவர் டாக்டர் சாரதா மேனன். 1961ல் அதன் கண்காணிப்பாளர் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. ஓய்வுக்குப் பிறகு 1984ல் ஸ்கார்ப் என்ற அமைப்பைத் தொடங்கி, 2021ல் தமது 98ஆம் வயதில் மறையும்வரை இந்த வேலையாகவே இருந்தார்.

இனி கத்தியின் கதை. இதை நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

இந்தியாவில் நரம்பறுவை மருத்துவம் பிறந்ததே தமிழ்நாட்டில்தான். 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி முதல் துறையைத் தொடங்கினார். அவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பென்பீல்டு என்ற மேதையிடம் பயின்றவர். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார். அடுத்த ஆண்டே மதராஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி துறை தொடங்கினார். அவர் 1922ல் சீர்காழியில் பிறந்தவர், ஆக நம் பக்கத்துக்காரர்தான். அவரோடு டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், ஆசியாவின் முதல் பெண் நரம்பறுவை மருத்துவர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோர் சேர்ந்தார்கள்.

1960களில் இந்தக் குழு ஒரு துணிச்சலான வேலையில் இறங்கியது. கட்டுக்கடங்காத மூர்க்கம், ஓயாத ஓட்டம், தன்னைத்தானே கடித்துக்கொள்ளுதல், இவற்றோடு வரும் நோயாளிகள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள், மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆனவர்களும் இருந்தார்கள். மருந்துக்கு மசியவில்லை. தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே பார்த்து அளவெடுத்து, மண்டையில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசியை உள்ளே செலுத்தி, குறித்த ஓர் இடத்தை மட்டும் செயலிழக்கச் செய்வார்கள். பெரும்பாலும் அந்த இடம் அமிக்டலா. பாதாம் பருப்பு அளவில் இரண்டு பக்கமும் இருக்கும் பகுதி, பயத்துக்கும் கோபத்துக்கும் மணி அடிக்கிற இடம். சில சமயம் ஹைபோதாலமஸ். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அமைதிப்படுத்தும் நரம்பறுவை'. இப்படி அறுநூறுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்ததாக ராமமூர்த்தி 1988ல் எழுதியிருக்கிறார். பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது என்பது அவர்கள் கணக்கு. 1970களில் அமெரிக்காவில் இத்தகைய அறுவைகளுக்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்தபோது மதராஸின் பெயரும் அடிபட்டது.

இதைப் படித்தபோது இரண்டு மனமாக இருந்தது. அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். வீட்டுத் தூணில் சங்கிலியால் கட்டிப்போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்க்கு, 1968ல் வேறு என்ன கொடுத்திருக்க முடியும்? அதே சமயம், அழித்த இடம் திரும்ப முளைக்காது. அந்தப் பிள்ளையிடம் சம்மதம் கேட்டவர் யார்? அடங்கியிருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. ஒரு வாத்தியாருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பிரம்பு மேசைமேல் இருக்கும் வகுப்பும் அமைதியாகத்தான் இருக்கும்.

அந்த அறுவைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. வளர்ந்த மூளை, சூளையில் சுட்ட பீங்கான் மாதிரி. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுடுவதற்கு முன் களிமண்ணை எப்படியும் வளைக்கலாம், சுட்ட பிறகு உடைக்கத்தான் முடியும். நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்திலும் கல்வி உளவியல் தாளில் பாவ்லோவின் நாயும் தார்ன்டைக்கின் பூனையும் உண்டு, மூளை பற்றி அரைப் பக்கம்கூட இல்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழிதான் எங்களுக்கு நரம்பியல்.

இந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் ஒருவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வி.எஸ். ராமச்சந்திரன், 1951ல் பிறந்தவர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ்., பிறகு கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம், 1980களிலிருந்து அமெரிக்காவில் சான்டியாகோ.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் மிகப் பழையது. கையை இழந்தவருக்கு, அந்தக் கை இன்னும் இருப்பதாகவே தோன்றும். வலிக்கும். இல்லாத கையின் விரல்கள் மூடி, இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் பதியும். 1871ல், கீழ்ப்பாக்கம் திறந்த அதே ஆண்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வைத்தியம் பார்த்த வேய்ர் மிட்செல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர் வைத்தார். நம் பக்கத்தில் நெல் அறுவை இயந்திரத்திலும் கரும்பு ஆலையிலும் கை போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். "கை வலிக்குது" என்று அவர்கள் சொன்னால் வீட்டில் "பாவம், மனசு பேதலிச்சிருச்சு" என்பார்கள். மனசு பேதலிக்கவில்லை. வலி உண்மையானது.

வேலூர் சாண்டியின் குருவான பென்பீல்டு இங்கே வருகிறார். அவர் 1930களில், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, உடம்பின் எந்தப் பகுதி மூளையில் எங்கே பதிவாகிறது என்று வரைபடம் போட்டார். அந்த வரைபடத்தில் ஒரு வேடிக்கை. கைக்குப் பக்கத்து வீடு முகம். 1991ல் டிம் பான்ஸ் என்பவரின் குழு, பல வருஷங்களுக்கு முன் கை நரம்பு துண்டிக்கப்பட்ட குரங்குகளைச் சோதித்தது. முகத்தைத் தொட்டால் மூளையில் கையின் இடம் துடித்தது. காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரர் வளைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி.

இதைப் படித்ததும் ராமச்சந்திரன் கை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். இளைஞர், இல்லாத கட்டைவிரலைத் தொடுவதாகச் சொன்னார். மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். கன்னத்தில் தண்ணீர் வழிந்தால், இல்லாத கையிலும் வழிந்தது. ஒரு பஞ்சுக் குச்சிதான் செலவு! வளர்ந்த மூளையும் தன் வரைபடத்தை மாற்றி எழுதுகிறது என்று மனிதர்களிடம் அவர் காட்டிய விதம் இது.

அடுத்தது கண்ணாடி. சிலருக்கு மாயக் கை அசையாமல் உறைந்து போயிருக்கும். அவர்களில் பலருக்குக் கையை எடுப்பதற்கு முன்பே அது செயலிழந்திருந்தது. ராமச்சந்திரன் இப்படி யோசித்தார்: மூளை 'அசை' என்று உத்தரவு போட்டது, கண் 'அசையவில்லை' என்று பதில் சொன்னது, மாதக்கணக்கில் இது நடந்ததால் மூளை 'அசையாது' என்றே பாடம் படித்துவிட்டது. படித்த பாடம் என்றால் மாற்றிப் படிக்கவும் முடியுமல்லவா? ஓர் அட்டைப் பெட்டியின் நடுவில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார். நல்ல கையை ஒரு பக்கம் வைத்துக் கண்ணாடியில் பார்த்தால், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை தெரியும். நல்ல கையை விரித்தால் அதுவும் விரியும். மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிப் பத்து வருஷமாக மாயக் கை உறைந்திருந்த ஒருவர், அது மறுபடி அசைவதாகக் கூச்சலிட்டார். கண்ணை மூடினால் திரும்ப உறைந்தது. அவரிடம் பெட்டியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். சில வாரங்களில் அவருடைய மாயக் கையே மறைந்து, தோளோடு ஒட்டி விரல்கள் மட்டும் மிஞ்சின. முழங்கை வலி போய்விட்டது. இல்லாத கையை வெட்டி எடுத்த முதல் அறுவை என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். மதராஸ் ஊசிக்கும் இந்தக் கண்ணாடிக்கும் இடையில் முப்பது வருஷம்கூட இல்லை.

ஒருவர் கதையை வைத்து மருத்துவம் செய்யக்கூடாது என்பதும் சரிதான். 2007ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்த 18 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, தினம் 15 நிமிஷம், நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியின் முன் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது. வெறுமனே மனதில் கற்பனை செய்தவர்களில் நான்கு பேருக்கு வலி கூடியது. சின்ன ஆய்வுதான். எல்லோருக்கும் கண்ணாடி பலிப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. என்றாலும், பக்கவாதம் வந்தவர்களின் கைகால் பயிற்சிக்கும் இன்று பல பிசியோதெரபி நிலையங்களில் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, கண்ணாடி மூளையை மாற்றலாம், பேச்சு மாற்றுமா?

எரிக் காண்டெல் என்ற அமெரிக்க அறிஞர் உளப்பகுப்பாய்வு செய்யும் மருத்துவராக விரும்பியவர். கடைசியில் ஒரு கடல் நத்தையின் நரம்பணுக்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். ஒரு விஷயத்தை நத்தை திரும்பத் திரும்ப அனுபவித்து நீண்ட நாள் நினைவில் வைத்துக்கொண்டால், நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளின் எண்ணிக்கையே மாறுகிறது. நினைவு என்பது காற்றில் மிதக்கும் ஆவி இல்லை, உடம்பில் நிகழும் மாற்றம். இதற்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு. 1979லேயே அவர் ஒரு கட்டுரையில், சிகிச்சையாளர் பேசி நோயாளி கேட்டுப் பலன் தருகிறது என்றால் அதுவும் மூளையில் மாற்றம் உண்டாக்கித்தான் தருகிறது என்ற கருத்தை முன்வைத்தார். நான் பலகையில் எழுதிய வாய்ப்பாடு உங்கள் மண்டைக்குள் எங்கோ இன்றும் இருக்கிறதே, அதே வேலைதான்.

இதைப் படம் பிடித்துக் காட்டியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லூயிஸ் பாக்ஸ்டர். 1992. அவர் எடுத்துக்கொண்ட நோய், அந்தப் பையனுக்கு இருப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. ஒன்பது பேருக்கு மாத்திரை. ஒன்பது பேருக்கு மாத்திரை இல்லை, நடத்தைப் பயிற்சி மட்டும். அதாவது, அழுக்கு என்று பயப்படும் பொருளைத் தொடு, கை கழுவாமல் இரு, பயம் ஏறி இறங்கும்வரை பொறுத்திரு. கூடவே ஒருவர் இருந்து பேசித் தைரியம் சொல்வார். பத்து வாரத்துக்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். குணம் கண்டவர்களுக்கு, மாத்திரைக் குழுவிலும் பயிற்சிக் குழுவிலும், மூளையின் காடேட் என்ற ஒரே பகுதியில் அதிகப்படி வேலை குறைந்திருந்தது. இரண்டு பாதை, ஒரே ஊர்.

என் மாணவருக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன். மாத்திரை வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பலருக்கு இரண்டும் வேண்டும். பதினெட்டுப் பேரின் ஸ்கேனை வைத்து உன் மகனுக்கு எது பலிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதைப் பக்கத்தில் இருக்கும் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன்.

ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முன்பே சிலருக்கு இது புரிந்திருந்தது. வேலூரில் சாண்டி கத்தி பிடித்த அதே சி.எம்.சி.யில், 1957ல் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடியப் பெண்மணி மனநல மையம் தொடங்கினார். நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் டாக்டர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் குண்டுச் சத்தத்தில் ஆடிப்போன மக்களுக்கு, மூச்சுப் பயிற்சியையும் அவரவர் சமயத்துக்கு ஏற்ற சொல்லை மெல்லத் திரும்பச் சொல்வதையும் கற்றுக்கொடுத்தார். 'மனவடு' என்று தமிழில் நூலும் எழுதினார். மூச்சை மெதுவாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணிகிறது, அமிக்டலாவின் மணி அடங்குகிறது. ஊசி போட்டு அணைத்த அதே மணி.

நம் பக்கத்தில் குணசீலத்துக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் தங்க வைப்பது வழக்கம். அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. 2002ல் வெளியான ஓர் ஆய்வில் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராம் குழுவினர், தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்தார்கள். மருந்து இல்லை, சின்னச் சின்ன வேலைகள், கூட உறவினர். சுமார் ஆறு வாரத்தில் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஓலைக்கொட்டகையில் தீ. கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் பக்தி இருந்தது. ஓர் இடத்தில் சங்கிலியும் இருந்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்தில்லாத மின்அதிர்ச்சியைத் தடை செய்கிறது. மனநோய்க்கு மூளை அறுவை என்றால் நோயாளியின் சம்மதமும் வாரியத்தின் அனுமதியும் இரண்டும் வேண்டும் என்கிறது. 1968ல் அந்தப் பிள்ளைக்கு இல்லாத உரிமை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆத்திரம் வரும் விஷயம். மூளை என்ற சொல்லுக்கு இப்போது நல்ல விலை. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் 'நடுமூளையைத் திறக்கிறோம்' என்று பிள்ளைகளின் கண்ணைக் கட்டிப் புத்தகம் படிக்க வைத்தார்கள். கட்டணம் ஆயிரக்கணக்கில். மூக்கோரத்து இடுக்கு வழியாக அந்தப் பிள்ளை பார்த்ததை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். நடுமூளைக்குக் கண்கட்டிப் படிக்கும் சக்தியெல்லாம் கிடையாது. வலது மூளைப் பிள்ளை, இடது மூளைப் பிள்ளை என்று ரேகை பார்த்துச் சொல்வதும் அதே ரகம். ஆலோசகரிடம் போனால் என்ன படித்தீர்கள், எத்தனை முறை வர வேண்டும், மருத்துவரோடு கலந்து பேசுவீர்களா என்று கேளுங்கள். ஒழுங்கான ஆலோசகர் கோபப்பட மாட்டார்.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்க வழி இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் கேஸ் புக்கிங் எண்ணை எழுதி வைத்திருக்கும் காலண்டர் அட்டையிலேயே இதையும் எழுதி வையுங்கள். மருத்துவத்திலும் பிசியோதெரபியிலும் இருக்கும் நம் பிள்ளைகள், நான் விட்டதைக் கீழே எழுதுங்கள்.